பேனல் கதவின் உட்புறம்

சோழவரம்.

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் கைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் எழுதாததற்கு மன்னியுங்கள். ‘எழுதுங்கள், வாழ்த்துகள்’ என்று இரண்டு வரி அனுப்பிவிட மனம் ஒப்பவில்லை.

இதைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்காக உங்கள் கடிதத்தைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு சிறிய டூல் ரூமில் வேலை பார்க்கிறீர்கள். மூலையில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த பழைய மில்லிங் மெஷின் ஒன்று. கன்ட்ரோலர் போர்டு போய் வருடக்கணக்காகிவிட்டது. காயலான் கடைக்குப் போவதற்கு முன் ஒரு தடவை முயன்று பார்க்கிறேன் என்று முதலாளியிடம் கேட்டு வாங்கினீர்கள். ஓரமாகக் கிடந்த கம்ப்யூட்டரில், மெஷினை ஓட்டும் லினக்ஸ்சிஎன்சி என்ற மென்பொருளை நிறுவி, ஷிப்ட் முடிந்த பிறகு நான்கு மாதம் உட்கார்ந்து ஓட வைத்துவிட்டீர்கள். இப்போது அதில் ஜாப் ஓடுகிறது. இந்த நான்கு மாதத்தில் பட்ட பாட்டை எல்லாம் தமிழில் எழுதிப் போடலாமா, புரோகிராம் எழுதத் தெரியாத எனக்கு அந்தத் தகுதி உண்டா, எங்கே போடுவது, யார் படிப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எழுதுங்கள். அதுவும் இந்த மாதமே எழுதுங்கள். அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் எங்கெங்கே சறுக்கினீர்கள் என்பது இன்றைக்கு உங்களுக்கு வரிசையாக நினைவிருக்கிறது. ஆறு மாதம் போனால் மெஷின் மட்டும் நினைவிருக்கும், சறுக்கல் மறந்துவிடும். லினக்ஸ்சிஎன்சியைப் பதினைந்து வருடமாக எழுதிவருகிறவருக்கு, புதிதாக வருகிறவன் எந்தப் படியில் தடுக்கி விழுவான் என்று தெரியாது. அவர் அந்தப் படியைப் பார்த்தே பல காலம் ஆகிவிட்டது. போன மாதம் விழுந்து எழுந்த உங்களுக்குத் தெரியும். தகுதி என்று கேட்டீர்களே, அதுதான் தகுதி.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் நான் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸில் இருந்தேன். அங்கே ஒரு பிரஸ். அடிக்கடி மக்கர் பண்ணும். அதன் மேனுவல் அலுவலகத்தில் பூட்டிய பீரோவுக்குள் இருந்தது. சாவி ஒருவரிடம், அவர் பகல் ஷிப்டில் மட்டும்தான் இருப்பார். பிரேக்டவுன் எப்போதும் இரவில்தான் வரும். ஆனால் நாங்கள் அந்த மேனுவலைத் தேடியதே இல்லை. ஏனென்றால் எலக்ட்ரிகல் பேனல் கதவைத் திறந்தால் உட்புறத்தில் பென்சிலால் எழுதியிருக்கும். எங்களுக்கு முன் இருந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் எழுதியது. எந்த ரிலே எதற்கு, எந்த ஃபியூஸ் போனால் எந்த விளக்கு அணையும், மழைக்காலத்தில் எந்த லிமிட் ஸ்விட்ச்சைத் துடைக்க வேண்டும், எல்லாம் தமிழில், சின்னச் சின்ன எழுத்தில். சில வரிகளை அடித்துவிட்டுப் பக்கத்தில் திருத்தியிருப்பார். சில வரிகளுக்குக் கீழே தேதி போட்டிருப்பார். இரவு இரண்டு மணிக்கு டார்ச் அடித்து அதைப் படித்து மெஷினை எழுப்பியிருக்கிறோம்.

ஒரு வருடம் ஆடிட்டுக்காகப் பேனல் எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடித்தார்கள். கதவின் உட்புறத்துக்கும் சேர்த்து. அடித்தவருக்கு அது கிறுக்கலாகத் தெரிந்திருக்கும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அதை ஒரு நோட்டில் படியெடுத்து வைக்காதது எங்கள் தவறு. அடுத்த பிரேக்டவுனில் மெஷின் மூன்று நாள் நின்றது. எழுதியவரோ ஓய்வுபெற்று ஊருக்குப் போயிருந்தார்.

மென்பொருள் ஆவணம் பற்றி எனக்குத் தெரிந்த நல்லது கெட்டது எல்லாம் அந்தக் கதவில் இருந்தது. குறிப்பு மெஷினோடு சேர்ந்தே இருந்தது. தேவைப்படுகிறவன் கைக்கு, தேவைப்படுகிற நேரத்தில் கிடைத்தது. தவறு தெரிந்ததும் அங்கேயே திருத்தப்பட்டது. ஆனால் ஒரே ஒரு பிரதிதான் இருந்தது.

உலகத்தின் பழைய மென்பொருள் கையேடுகளில் ஒன்றைப் பார்த்தாலும் இதே குணம் தெரியும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை உருவாக்கியபோது, அதன் முதல் கையேட்டில் போட்ட தேதி 1971 நவம்பர் 3. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பக்கம். பெயர், எப்படி எழுதுவது, என்ன செய்யும் என்று வரிசையாக வரும். முடிவை ஒட்டி ‘பிழைகள்’ என்று ஒரு தலைப்பு. இந்தக் கட்டளையில் இன்னது சரியாக வேலை செய்யாது என்று எழுதியவர்களே சொல்லிவிடுவார்கள். தன் சரக்கின் குறையைத் தானே எழுதி வைக்கும் அந்தப் பழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். நீங்கள் எழுதும் பக்கத்திலும் கடைசியில் அப்படி ஒரு தலைப்பு இருக்கட்டும். உங்கள் மெஷினில் இன்னும் சரிவராதது எது என்று அதில் எழுதுங்கள். படிக்கிறவனுக்கு மற்ற வரிகள் மேல் நம்பிக்கை வருவது அதைப் பார்த்துத்தான்.

இனி லினக்ஸ்சிஎன்சிக்கு வருகிறேன். நீங்கள் பயன்படுத்தும் இந்த மென்பொருள் 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசின் தர நிர்ணய ஆய்வு நிறுவனமான நிஸ்ட்டில் பிறந்தது. அப்போது அதன் பெயர் இஎம்சி. அரசு ஊழியர்கள் எழுதியது என்பதால் பதிப்புரிமைத் தடை இல்லாமல் பொதுவுக்கு வந்தது. பிறகு தன்னார்வலர்கள் கையில் எடுத்து வளர்த்தார்கள். அதே பெயரில் ஒரு பெரிய நிறுவனம் இருந்ததால் பெயரை மாற்ற நேர்ந்தது. 2012இல் வந்த 2.5 பதிப்பிலிருந்து லினக்ஸ்சிஎன்சி. பெயர் மாறியபோது அதைத் தொடங்கும் கட்டளையும் மாறியது. பழைய கட்டளையை எழுதி ஷெட்டில் ஒட்டி வைத்திருந்த காகிதம் எல்லாம் அத்தோடு பழசாகிப்போனது. நீங்கள் எழுதும் எந்தப் பக்கத்திலும் மேலே பதிப்பு எண்ணைப் போடுங்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான். லினக்ஸ்சிஎன்சி குழுவே ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனி ஆவணம் வைத்திருக்கிறது. இன்னும் வெளிவராத, வளர்ந்துகொண்டிருக்கும் பதிப்புக்கும் தனியாக ஒன்று. உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது ஒன்று, படிப்பது இன்னொன்று என்றால் இல்லாத மெனுவைத் தேடி ஒரு இரவு போய்விடும். உங்களுக்கே போயிருக்கிறது, கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

அந்த ஆவணத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி, கம்ப்யூட்டரின் தாமதத்தைச் சோதிப்பது பற்றியது. ஸ்டெப்பர் மோட்டாருக்கு மென்பொருளே துடிப்பு அனுப்பும்போது, ஒவ்வொரு துடிப்பும் சரியான நொடியில் போக வேண்டும். கம்ப்யூட்டர் வேறு வேலையில் கவனம் போய்க் கொஞ்சம் பிந்தினால் மோட்டார் முனகும், ஸ்டெப் தவறும், ஜாப் கெட்டுவிடும். அதனால் முதலில் தாமதத்தை அளக்கச் சொல்கிறார்கள். அளவு 15,000 முதல் 20,000 நானோசெகண்டுக்குள் இருந்தால் கம்ப்யூட்டர் நன்றாக ஒத்துழைக்கும் என்று எண்ணில் சொல்லிவிடுகிறார்கள். அதோடு விடவில்லை. சோதனை ஓடும்போது கம்ப்யூட்டரைச் சும்மா விடாதே, ஜன்னல்களை இழுத்து நகர்த்து, பெரிய கோப்புகளை நகலெடு, பாட்டுப் போடு, படம் வரையும் நிரல் ஒன்றை ஓடவிடு, என்னென்ன தொல்லை உண்டோ எல்லாம் கொடு, சில நிமிடமாவது ஓடட்டும் என்கிறார்கள். மெஷின் ஓடும்போது வராத தாமதம் சோதனையில் வந்தால் பரவாயில்லை, சோதனையில் வராதது மெஷின் ஓடும்போது வந்தால் டூல் உடையும் என்று அனுபவித்தவன் எழுதியது அது. செய்ய வேண்டியது, செய்யும் விதம், வர வேண்டிய எண், எண் கூடினால் என்ன அர்த்தம் என்று நான்கும் ஒரே இடத்தில் இருக்கின்றன. நீங்கள் முதலில் தமிழில் எழுத வேண்டிய பக்கம் இதுதான் என்பது என் எண்ணம். உங்கள் பழைய கம்ப்யூட்டரில் முதலில் என்ன எண் வந்தது, எதை மாற்றியபோது குறைந்தது என்று உங்கள் அனுபவத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

எண்ணைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஊர் ஏரி நினைவுக்கு வருகிறது. சென்னைக் குடிநீர் வாரியம் தினமும் ஏரிகளின் நீர்மட்டத்தை ஒரு பட்டியலாக வெளியிடுகிறது. சோழவரம் ஏரிக்கு எதிரே இன்றைய இருப்பு மட்டும் இருக்காது. முழுக் கொள்ளளவு 1,081 மில்லியன் கன அடி என்பதும் இருக்கும், போன வருடம் இதே நாளில் எவ்வளவு இருந்தது என்பதும் இருக்கும். அதனால் ஏரியையே பார்க்காதவருக்கும் நிலைமை புரிந்துவிடுகிறது. நீங்கள் ஒரு எண்ணை எழுதினால் பக்கத்திலேயே அலகையும், எவ்வளவு இருந்தால் சரி என்பதையும் எழுதிவிடுங்கள்.

எங்கே போடுவது என்ற கேள்விக்கு வருவோம். பேனல் கதவுதான் பதில். மென்பொருளின் மூலநிரல் எந்த இடத்தில் இருக்கிறதோ, அதே களஞ்சியத்தில் ஆவணமும் இருக்க வேண்டும். லினக்ஸ்சிஎன்சியில் அப்படித்தான் இருக்கிறது. ஆவணம் எல்லாம் ஆஸ்கிடாக் என்ற எளிய எழுத்துமுறையில், எந்த எடிட்டரிலும் திறக்கக்கூடிய வெறும் எழுத்துக் கோப்புகளாக இருக்கின்றன. தலைப்புக்கு ஒரு குறி, பட்டியலுக்கு ஒரு குறி, அவ்வளவுதான். அரை நாளில் கற்றுக்கொள்ளலாம். முன்பு லிக்ஸ் என்ற வேறொரு கருவியில் எழுதி வந்தார்கள், பிறகுதான் இதற்கு மாற்றினார்கள். வெறும் எழுத்தாக இருப்பதில் பெரிய வசதி உண்டு. யார், எந்த நாளில், எந்த வரியை மாற்றினார் என்பதை கிட் என்ற கருவி ஒன்று விடாமல் வைத்திருக்கும். எங்கள் எலக்ட்ரீஷியன் அடித்துத் திருத்தித் தேதி போட்ட மாதிரி. கூடுதலாக, அந்தக் களஞ்சியத்தைப் பதிவிறக்கிய ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் முழுப் பிரதி இருக்கும். எத்தனை பேர் பெயின்ட் அடித்தாலும் அழியாது.

அதே களஞ்சியத்தில் இருப்பதில் இன்னொரு நன்மை. ஒருவர் நிரலில் ஒரு மெனுவின் பெயரை மாற்றினால், அதே மாற்றத்திலேயே ஆவணத்தின் வரியையும் மாற்றிவிடச் சொல்லிக் கேட்கலாம். சரிபார்க்கிறவர் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பார். நிரல் ஒரு வீட்டிலும் ஆவணம் இன்னொரு வீட்டிலும் இருந்தால் இரண்டும் ஒரு வருடத்தில் ஒன்றையொன்று மறந்துவிடும்.

எழுத்துக் கோப்பு வலைப்பக்கமாவது எப்படி என்றும் கேட்டிருந்தீர்கள். இதற்கென்று கருவிகள் உண்டு. பைத்தான் மொழியின் ஆவணத்துக்காக ஜார்ஜ் பிராண்டில் எழுதிய ஸ்பிங்க்ஸ் 2008இல் வந்தது. எழுத்துக் கோப்புகளை எடுத்து, உள்ளடக்கப் பட்டியல், தேடல், குறுக்கு இணைப்பு எல்லாம் சேர்த்துப் பக்கங்களாக்கித் தரும். 2010இல் தொடங்கிய ரீட் த டாக்ஸ் என்ற சேவை, நீங்கள் களஞ்சியத்தில் ஒரு வரி மாற்றியதும் தானே கட்டி வெளியிட்டுவிடும். திறமூலத் திட்டங்களுக்குக் காசு கேட்பதில்லை. நாளை நீங்களே ஒரு சின்னத் திட்டம் தொடங்கினால் இந்த இரண்டும் போதும். லினக்ஸ்சிஎன்சிக்கு எழுதும்போது அவர்கள் வழியில் ஆஸ்கிடாக்கிலேயே எழுதுங்கள். புதுக் கருவியைக் கொண்டுபோய் நுழைக்க வேண்டாம்.

இணையத்தில் போட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். உங்கள் ஷெட்டில் செல்போனை வாசலில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். மெஷினோடு இணைந்த கம்ப்யூட்டருக்கும் நெட் கிடையாது. இப்படிப்பட்ட இடத்துக்கென்றே லினக்ஸ்சிஎன்சியின் ஆவணத்தை மொழிவாரியாகத் தனித் தொகுப்புகளாக்கி, மென்பொருளோடு சேர்த்து நிறுவும்படி வைத்திருக்கிறார்கள். ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் என்று. தமிழுக்கும் ஒன்று அந்த வரிசையில் சேர வேண்டும் என்பது என் ஆசை. கதவைத் திறந்தால் உள்ளே இருக்க வேண்டும்.

இனி தமிழ். இதில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது.

தமிழில் கணினி நூல் எழுதுவது நீங்கள் தொடங்கி வைக்கும் காரியம் இல்லை, தைரியமாக இருங்கள். கணியம் இதழ் 2012 ஜனவரியில் தொடங்கியது. கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதி, யாரும் எடுத்துப் பகிரலாம், மாற்றலாம் என்ற உரிமத்தில் வெளியிட்டு வருகிறது. அங்கே வந்த தொடர்கள் ‘எளிய தமிழில்’ என்ற வரிசையில் மின்னூல்களாயின. தரவுத்தள மென்பொருளான மைஎஸ்க்யூஎல் பற்றி நித்யா துரைசாமி எழுதிய நூலைப் படித்துப் பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிற நடை.

மும்பை ஐஐடியில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தொடங்கிய ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்திலிருந்தும் நாம் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. பத்து நிமிட அளவில் ஒரு பாடம். திரையில் தெரிவது ஆங்கிலம், காதில் கேட்பது தமிழ். ஒரு பாடத்தைப் பதிவு செய்வதற்கு முன், அந்த மென்பொருளை அறியாத ஒருவரிடம் எழுத்துப்படியைக் கொடுத்து, அதை மட்டும் வைத்துச் செய்ய முடிகிறதா என்று பார்ப்பார்கள். அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே எழுத்துப்படியைத் திருத்துவார்கள். ஆவணத்துக்கு இதைவிட நேர்மையான பரீட்சை கிடையாது.

திரையில் ஆங்கிலம் இருக்கும்போது எதைத் தமிழாக்குவது? என் கருத்து இது. பட்டனில், மெனுவில் என்ன எழுதியிருக்கிறதோ, அதே பெயரை அப்படியே சொல்லுங்கள். படிக்கிறவன் திரையில் அதைத்தான் தேடுவான். ஷெட்டில் நாம் பேசும் சொல்லையும் மாற்ற வேண்டாம். ஸ்பிண்டில், சக், ஃபீட், ஆஃப்செட் என்றால் உங்கள் ஹெல்பருக்குப் புரியும். அகராதியைப் பார்த்து அதற்கு ஒரு தூய சொல் போட்டால் அவர் உங்களைத்தான் திரும்பக் கூப்பிட்டுக் கேட்பார். அதே சமயம் தமிழில் உயிரோடு இருக்கும் சொல்லை விட்டுவிடவும் கூடாது. கடைசல், திருகு, துளை, மரை, பிசிறு, உராய்வு எல்லாம் நம் பட்டறைச் சொற்கள். வினைச்சொல்லும் வாக்கிய அமைப்பும் முழுக்கத் தமிழாக இருக்கட்டும். ஆங்கில வாக்கியத்தை எதிரே வைத்துக்கொண்டு வரிக்கு வரி பெயர்த்தால் படிக்கவே முடியாது. ஒரு பத்தியைப் படித்து, மூடி வைத்துவிட்டு, டீக்கடையில் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வதுபோல் எழுதுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அந்தச் சுதந்திரம் வேண்டாம். அவசர நிறுத்தம். மனிதனைக் காக்கும் விஷயத்தில் மென்பொருளை நம்பாதே, எமர்ஜென்சி பட்டன் மின்சாரத்தையே நேராக வெட்ட வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். இது தொடர்பான வரிகளைத் தமிழாக்கும்போது ‘வேண்டும்’ என்பது ‘நல்லது’ என்றாகிவிடக் கூடாது. ‘கூடாது’ என்பது ‘தவிர்க்கலாம்’ என்றாகிவிடக் கூடாது. நம் தமிழின் மரியாதை வழக்கு சில சமயம் எச்சரிக்கையை மென்மையாக்கிவிடும். இந்தப் பக்கங்களை நீங்கள் எழுதிய பிறகு, இரண்டு பேர் மூலத்தோடு ஒப்பிட்டுப் படித்த பின்புதான் வெளியிட வேண்டும். ஒரு சொல் தவறினால் போவது ஒருவரின் விரல்.

கருவிகள் தமிழுக்குத் தரும் தொல்லை தனி. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் நான் வாரக்கணக்கில் குழம்பியிருக்கிறேன். பைத்தான் மொழியில் ஒரு சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்கும் வழக்கமான விதி, நம் புள்ளியையும் கால், கொம்பு, சுழி போன்ற குறிகளையும் எழுத்தாகக் கணக்கில் எடுப்பதில்லை. ‘திருகு’ என்ற சொல் அதன் கண்ணுக்கு த, ர, க என்று மூன்று துண்டு. அந்த விதியை அப்படியே நம்பும் தேடல் தமிழில் தடுமாறும். சொல்லின் விகுதியைப் பிரித்து வேரைக் கண்டுபிடிக்க, ஸ்னோபால் என்ற திட்டத்தில் தமிழுக்கு ஒரு நிரல் ஏற்கெனவே இருக்கிறது. அதை ஆவணக் கருவிகளோடு இணைக்க யாராவது உட்கார வேண்டும்.

தலைப்புகளிலும் இதே கதைதான். ஒவ்வொரு தலைப்புக்கும் கருவி ஓர் அடையாளப் பெயர் வைக்கும். யாருக்காவது அந்த இடத்தை நேராகக் காட்ட வேண்டுமென்றால் அந்தப் பெயரைத்தான் இணைப்பாக அனுப்புவோம். ஸ்பிங்க்ஸின் அடியில் இருக்கும் டாக்யுட்டில்ஸ் தமிழ்த் தலைப்பைப் பார்த்ததும் அதிலிருந்து பெயர் எடுக்க முடியாமல் ஒன்று, இரண்டு என்று வரிசை எண் போட்டுவிடும். நடுவில் ஒரு புதுத் தலைப்பைச் சேர்த்தால் எண்கள் எல்லாம் நகர்ந்து, நேற்று நீங்கள் அனுப்பிய இணைப்பு இன்று வேறு இடத்தைத் திறக்கும். இதற்கு மருந்து எளிது. ஒவ்வொரு தலைப்புக்கும் மேலே ஆங்கில எழுத்தில் ஒரு சிறிய அடையாளப் பெயரை நீங்களே எழுதி வையுங்கள். ஸ்பிங்க்ஸிலும் ஆஸ்கிடாக்கிலும் அதற்கு வழி இருக்கிறது. முதல் நாளிலிருந்தே செய்யுங்கள், பிறகு திருத்துவது நரக வேதனை.

பிடிஎஃப் எடுக்கும்போதும் கவனம் தேவை. இந்திய எழுத்துகளைக் கோக்கத் தெரியாத கருவிகள் சில இன்னும் இருக்கின்றன. அவற்றில் ‘கெ’ என்று எழுதினால் கொம்பு, எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். முதல் பக்கத்திலேயே கொம்பும் காலும் உள்ள சொற்களைப் போட்டு அச்செடுத்துப் பார்த்துவிடுங்கள். ஜீலாடெக் என்ற அச்சுக்கோப்புக் கருவி வழியாகப் போனால் எழுத்து ஒழுங்காக வரும்.

மொழிபெயர்ப்பு நடக்கும் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். பிஓ4ஏ என்ற கருவி ஆவணத்தைப் பத்தி பத்தியாக வெட்டித் தரும். வெப்லேட் என்ற தளத்தில் அந்தப் பத்திகள் வரிசையாக வரும், எதிரே தமிழில் எழுத வேண்டியதுதான். ஆங்கிலப் பத்தி பின்னால் மாறினால், உங்கள் தமிழ்ப் பத்தி ஐயத்துக்குரியது என்று குறிக்கப்பட்டு, மறுபடி பார்க்கும்வரை ஆங்கிலமே பக்கத்தில் தெரியும். பழசாகிப்போன தமிழ் ஒருவரைத் தவறான வழியில் கொண்டுபோவதைவிட இது மேல். அந்தக் கருவி, வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், மொழிபெயர்ப்பு 80 சதவீதத்தை எட்டாத கோப்பை வெளியிடவே செய்யாது. இதில் உங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஆர்வத்தில் இங்கே பத்து வரி, அங்கே பத்து வரி என்று தெளிக்காதீர்கள். சின்னதாக ஒரு கோப்பை எடுத்து முழுதாக முடியுங்கள். பிறகு அடுத்தது.

உரிமம் பற்றி ஒரு வரி. லினக்ஸ்சிஎன்சி ஆவணம் குனூ கட்டற்ற ஆவண உரிமத்தின் கீழ் வருகிறது. நீங்கள் மொழிபெயர்ப்பதும் அதே உரிமத்தில்தான் போகும். யாரும் படியெடுக்கலாம், விற்கவும் செய்யலாம், ஆனால் அடுத்தவனுக்கு அந்த உரிமையைத் தராமல் பூட்டி வைக்க முடியாது. உங்கள் கம்பெனியின் டிராயிங், வாடிக்கையாளரின் ஜாப் படம் எதுவும் எடுத்துக்காட்டாக உள்ளே போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்களே ஒரு சாதாரணச் சதுரமும் நான்கு துளையும் வரைந்து அதை எடுத்துக்காட்டாக வையுங்கள்.

யார் படிப்பார்கள் என்று கேட்டீர்கள். எங்கள் ஊரில் ஒரு பழைய விமான ஓடுதளம் இருப்பது உங்களுக்குத் தெரியும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தது. போருக்குப் பின் பல வருடம் அங்கே மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கார், பைக் பந்தயம் நடத்தியது. இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வந்த பிறகு பந்தயம் அங்கே போய்விட்டது. அந்தக் காலத்தில் பந்தய வண்டிகளை ட்யூன் செய்த மெக்கானிக்குகளைப் பற்றி ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். கார்புரேட்டரைக் காதால் கேட்டே சரி செய்வார்களாம். எப்படிச் செய்தார்கள் என்று கேட்டால், ‘அது அவங்க கைப்பக்குவம்’ என்பதோடு பேச்சு நின்றுவிடும். அந்தக் கைப்பக்குவத்தில் ஒரு பக்கமாவது எழுத்தில் கிடைத்திருந்தால் பதினெட்டு வயதில் அதைப் படிக்க நான் எத்தனை மைல் வேண்டுமானாலும் சைக்கிள் மிதித்திருப்பேன். அம்பத்தூரில், கோயம்புத்தூரில், ஓசூரில், யாழ்ப்பாணத்தில் ஏதோ ஒரு ஷெட்டில் தார்ப்பாய் போர்த்திய மெஷின் பக்கத்தில் இப்போது ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார். உங்களுக்கு நான்கு மாதம் பிடித்தது அவருக்கு நான்கு வாரத்தில் முடியும். அவர்தான் உங்கள் வாசகர்.

அதனால் இந்த வாரம் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். தாமதச் சோதனை. மேலே பதிப்பு எண், தேதி. பிறகு செய்முறை, வர வேண்டிய எண், உங்களுக்கு வந்த எண், கடைசியில் பிழைகள். எழுதியதை உங்கள் ஹெல்பரிடம் கொடுங்கள். அவர் செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள், வாயைத் திறக்காதீர்கள். அவர் எந்த வரியில் நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறாரோ, அந்த வரியைப் பென்சிலால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

வட்டமிட்ட காகிதத்தையே எனக்கு அனுப்புங்கள். ஞாயிறு காலையில் ஏரிக்கரை வரை நடந்துவிட்டு ஒன்பது மணிக்கு வீடு திரும்பிவிடுவேன். அன்றைக்கே படித்துத் திருத்தி அனுப்புகிறேன். அவசர நிறுத்தப் பக்கத்தை ஒப்பிட்டுப் படிக்கும் இரண்டு பேரில் ஒருவனாக என்னைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சோழவரத்திலிருந்து உங்கள் அண்ணன்